ஆறு உலகச் சாதனைகள், ஒரே மேடு

தென்னமெரிக்காவின் நடுவில், நாலாபுறமும் அண்டை நாடுகள் சூழ்ந்திருக்கும் நாடு பொலிவியா. உலகச் சாதனைப் பட்டியல்களில் இதன் பெயர் எதிர்பாராத இடங்களில் எல்லாம் வரும். உலகின் மிகப் பெரிய உப்புவெளி, மிக உயரத்தில் இருக்கும் அரசுத் தலைமையிடம், மிக உயரத்தில் வளரும் மரங்கள், நகருக்குள் ஓடும் மிக நீளமான கம்பிவடப் போக்குவரத்து எல்லாம் இங்கேதான். தனித்தனி அதிசயங்களாகத் தெரியும் இவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வந்தவை.

அந்தக் காரணம் பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கிறது. நாஸ்கா என்னும் நிலத்தட்டு பல கோடி ஆண்டுகளாகத் தென்னமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த நெருக்கத்தில் மேலே மடிந்து எழுந்ததுதான் ஆண்டிஸ் மலைத்தொடர். பொலிவியாவில் அந்த மலைத்தொடர் இரண்டாகப் பிரிந்து போகிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் ஒரு பெரும் மேட்டுநிலம் கிடக்கிறது. அல்திப்லானோ என்று பெயர். உலகில் இதைவிடப் பரந்த உயர்மேட்டுநிலம் திபெத்தில் மட்டுமே உண்டு.

இரண்டு பக்கமும் மலை என்றால், அங்கே பெய்த மழை எப்படிக் கடலுக்குப் போகும்? போகாது. பள்ளத்தில் தேங்கும்; வெயிலில் வற்றும்; கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய ஏரிகள் இருந்து வற்றிய இடம்தான் உயுனி உப்புவெளி. பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

பரப்பைவிட வியப்பானது அதன் மட்டம். இவ்வளவு பெரிய நிலத்தில் மேடு பள்ளம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில அங்குலத் தண்ணீர் இதன்மேல் பரவுகிறது. மேலுப்பைக் கரைத்து, துருத்திய இடங்களைத் தேய்த்து, குழிகளை நிரப்பிவிட்டு ஆவியாகிறது. கொத்தனார் தரை பூசியபின் மட்டப்பலகை இழுப்பாரே, அந்த வேலையை மழை ஆண்டுதோறும் செய்கிறது. காய்ந்தபின் உப்புத்தரையில் அறுகோணக் கட்டங்கள் எழுகின்றன. அவற்றின் விளிம்புகள் விரலளவு புடைத்து நிற்கும். நிலத்தின் உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களின் கணக்கு சரிதானா என்று பார்க்க இந்தத் தரையையும் பயன்படுத்துகிறார்கள். விளிம்பில் இருக்கும் கொல்சானி என்ற ஊரில் உப்பைச் சுரண்டிக் கூம்பு கூம்பாகக் குவித்துக் காயவைக்கிறார்கள். அதே உப்புக்குக் கீழே உள்ள உவர்நீரில் லித்தியம் நிறைந்திருக்கிறது. இன்று உலகமே இந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

இனி லா பாஸ் நகரம். சட்டப்படி தலைநகர் சுக்ரே என்றாலும் அரசு நடப்பது இங்கேதான். உயரம் 3,600 மீட்டருக்கு மேல். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் எளிதில் வேகாது, பிரஷர் குக்கர்தான் கதி. நகருக்கு மேலே எல் ஆல்ட்டோவில் இருக்கும் விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. பன்னாட்டு விமான நிலையங்களில் உலகிலேயே உயரமானது இதுதான். மெல்லிய காற்று இறக்கைகளைப் போதிய அளவு தாங்காததால் விமானம் கூடுதல் வேகம் பிடித்தே எழும்ப முடியும். அதற்காகவே ஓடுபாதையை 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.

மேலே இருக்கும் எல் ஆல்ட்டோவுக்கும் கீழே பள்ளத்தில் இருக்கும் லா பாஸுக்கும் நடுவே செங்குத்தான சரிவு. இந்தச் சரிவில் சாலை வளைந்து வளைந்துதான் போக முடியும். அதனால் 2014இல் கம்பிவடப் பெட்டிகளை ஓடவிட்டார்கள். இன்று பத்துத் தடங்கள், 30 கிலோமீட்டருக்கு மேல். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது அல்ல இது. சந்தைக்கு மூட்டையோடு போகும் அய்மாரா பழங்குடிப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் டவுன் பஸ் மாதிரி.

கால்பந்து ரசிகர்களுக்கு லா பாஸ் வேறு விதத்தில் பழக்கம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களில் பிரேசில் தன் முதல் தோல்வியை 1993இல் வாங்கியது இங்கே. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளர், மெஸ்ஸி ஆட்டக்காரர் என்று வந்த அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. இந்த உயரத்திலேயே வாழ்பவர்களின் ரத்தம் இந்தக் காற்றுக்குப் பழகியது. வந்தவர்களுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும். பந்தும் மெல்லிய காற்றில் வேகமாகப் பறக்கும், வளைய வேண்டிய இடத்தில் வளையாது. 2007இல் ஃபிஃபா உயரமான ஊர்களில் பன்னாட்டு ஆட்டங்களைத் தடை செய்தபோது, அப்போதைய அதிபர் ஏவோ மொராலஸ் சஹாமா மலையில் சுமார் 6,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் பந்தாடிக் காட்டினார். மறு ஆண்டே தடை விலகியது. தன் ஊரில் தான் ஆடக்கூடாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த சஹாமா மலைச்சரிவில்தான் கென்யுவா என்னும் முறுக்கிய சிறுமரம் 5,000 மீட்டரைத் தாண்டியும் வளர்ந்து நிற்கிறது. உலகில் இவ்வளவு உயரத்தில் வேறெங்கும் மரங்கள் காடாக நிற்பதில்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மலை பொறுப்பல்ல. கடலே இல்லாத பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு. 1879இல் சிலியோடு மூண்ட போரில் கடற்கரை முழுவதும் போனது. அந்த இழப்பை மறக்காமல் 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியில் கடற்படை வீரர்களுக்கு இன்றும் பயிற்சி தருகிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் 23 அங்கே கடல் நாள்.

பொலிவியா கையிலிருந்து நழுவிய சாதனையும் ஒன்று உண்டு. லா பாஸுக்கு அருகே சகல்தாயா மலையில், 5,300 மீட்டருக்கு மேல், உலகின் மிக உயரமான பனிச்சறுக்குத் தளம் 1930களிலிருந்து நடந்துவந்தது. அங்கே இருந்த பனியாறு சுமார் 18,000 ஆண்டுகள் பழமையானது. வெப்பம் கூடக் கூட அது சுருங்கியது. 2015 வரை தாங்கும் என்று கணித்திருந்தார்கள். 2009லேயே முழுவதும் உருகிவிட்டது. சறுக்குவோர் தங்கிய விடுதி இப்போது வெறும் கற்சரிவைப் பார்த்து நிற்கிறது. கீழே இருக்கும் நகரங்களின் தண்ணீருக்கும் இந்த மலைகளின் பனி துணை. 2016இல் அணைகள் வற்றி லா பாஸில் பல பகுதிகளின் குழாய்கள் நின்றபோது, மக்கள் வாளிகளோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றார்கள்.