வயிற்றெரிச்சல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? பெண்மணிகளைக் கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் "பட்டு!" என்பார்கள். பெரியவர்கள் ஏகாம்பரேசுவரரையும் காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் சொல்லிக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். சாப்பாட்டுப் பிரியர்களோ, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியை நினைத்துச் சப்புக் கொட்டுவார்கள்.

ஆனால் காஞ்சியில் பிரசித்தி பெற்ற இடம் இன்னொன்றும் உண்டு. அங்கே யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஊரை அடுத்த காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனைதான் அது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1909-ல் இதே காஞ்சியில் பிறந்து, 1967-ல் முதலமைச்சரான அண்ணாதுரை அவர்களுக்கு, மறு வருஷமே உணவுக் குழாயில் புற்றுநோய் என்று தெரிய வந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தில் ஆபரேஷன் நடந்தது. 1969 பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். வயது 59. ஒரு முதலமைச்சருக்கு உலகத்தின் சிறந்த டாக்டர்கள் கிடைத்தார்கள், காலம்தான் கிடைக்கவில்லை. காரைப்பேட்டை மருத்துவமனை அதே 1969-ல் அவர் நினைவாக ஏற்பட்டது.

உணவுக் குழாய்க்கு அடுத்த வீடு இரைப்பை. அங்கே வரும் புற்றுநோயைப் பற்றித்தான் இப்போது உங்களிடம் பேசப் போகிறேன். 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். சென்னை நகரத்து ஆண்களிடையே நீண்ட காலமாக முன்வரிசையில் இருந்துவரும் புற்றுநோய்களில் இது ஒன்று. ஆகவே, "யாருக்கோ வருவது" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்!

பசியின் மேல் பழி

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறிக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால், நேரம் போவது தெரியாது. கோர்வைச் சேலை என்றால் கேட்கவே வேண்டாம். பாதியில் எழுந்து போக மனம் வராது. காலைச் சாப்பாடு பதினோரு மணிக்கு. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. நடுவே காப்பி, சிலருக்குப் பீடி, சிலருக்கு வெற்றிலை புகையிலை.

"என்னங்க, இன்னிக்கும் பாதிச் சோறு அப்படியே இருக்குதே?" என்று மனைவி கேட்கிறாள்.

"நேரந்தப்பிச் சாப்பிடறேன் இல்லே? அதான் எரிச்சல். ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்லு!" என்கிறார் வீட்டுக்காரர்.

இந்தச் சம்பாஷணை தறி வீட்டில் மட்டுமா நடக்கிறது? கடையில் உட்காருகிறவர், பஸ் ஓட்டுகிறவர், எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் இல்லத்தரசி, எல்லோர் வீட்டிலும் நடக்கிறதுதான். பெரும்பாலான சமயங்களில் அது வெறும் எரிச்சலாகவே இருக்கும். நேரந்தப்பிச் சாப்பிடுவதால் புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் இரைப்பைப் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே வேஷத்தில்தான் வருகிறது. பழியைப் பசியின் மேல் போட்டுவிட்டுச் சோடா குடித்துக் கொண்டிருந்தால், நோய் நிம்மதியாக வளர்கிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

அமிலத்தில் குடியிருக்கும் கிருமி

1979-ம் ஆண்டு. காஞ்சியில் நாற்பது வருஷங்களுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரைத் தரிசிக்க ஜனங்கள் திரண்டார்கள். அதே ஆண்டில், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராபின் வாரன் என்ற டாக்டர், நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் திகைத்தார். வளைந்து நெளிந்த கிருமிகள்! இரைப்பையிலோ கடுமையான அமிலம் சுரக்கிறது. அதில் எந்தக் கிருமி பிழைக்கும் என்பதுதான் அதுவரை வைத்திய உலகத்தின் எண்ணம்.

அவருடன் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் சேர்ந்தார். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைத்த தட்டில் அந்தக் கிருமி வளர்ந்து நின்றது! சொன்னால் யார் நம்புகிறார்கள்? 1984-ல் மார்ஷல் ஒரு காரியம் செய்தார். கிருமி கலந்த திரவத்தைத் தாமே மடமடவென்று குடித்து விட்டார்! சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. சோதித்துப் பார்த்தால் நன்றாக இருந்த இரைப்பை அழன்று போயிருந்தது. பிறகு மருந்து சாப்பிட்டுத் தேறினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக் கொள்ளும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. அசுத்தமான தண்ணீர் வழியாகவும் வரலாம். வந்த பிறகு சத்தமே இல்லை. இரைப்பையின் உட்புறம் மெல்ல அழல்கிறது. வருஷக் கணக்கில் அழன்று மெலிகிறது. மெலிந்த இடத்தில் செல்கள் உருமாறுகின்றன. கடைசியில் சில பேருக்குப் புற்றாகிறது. 1979-ல் தகப்பனார் தோளில் உட்கார்ந்து அத்தி வரதரைச் சேவித்த குழந்தைக்கு, 2019-ல் மறுபடி சேவித்தபோது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். கிட்டத்தட்ட அத்தனை காலம் இந்தக் கிருமி பொறுமையாக வேலை செய்கிறது!

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணங்களின் முதல் பட்டியலில் சேர்த்து விட்டது. உடனே பயந்து விடாதீர்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு; அவர்களில் புற்றுநோய் காண்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தைவான் நிர்வாகத்தில் உள்ள மாட்சு தீவுகளில் 2004 முதல் பெரியவர்களைச் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் பாதிக்குப் பாதி குறைந்தது.

ஊறுகாயும் பீடியும்

"மிளகாய்க் காரம்தானே காரணம்?" என்று கேட்பீர்கள். கோயில் இட்லியின் மிளகைச் சந்தேகிக்க வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் முக்கியமாகக் குற்றம் சாட்டுவது உப்பை. உப்பில் ஊறிய பண்டங்கள் இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தி, கிருமிக்கு வழி செய்து கொடுக்கின்றன. அடுத்த குற்றவாளி புகை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர்கள் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புகை பிடிப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். ஊறுகாய் அதிகம் சாப்பிடுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

மேல்நாடுகளில் குளிர்சாதனப் பெட்டி வந்து, உப்பிலிட்ட மீனும் இறைச்சியும் குறைந்து, பச்சைக் காய்கறியும் பழமும் பெருகிய பிறகு, யாரும் பெரிய போர் தொடுக்காமலே இந்த நோய் தணிந்தது. ஆகவே ஊறுகாயும் கருவாடும் தொட்டுக் கொள்ள இருக்கட்டும்; பிசைந்து சாப்பிட வேண்டாம். பீடி வேண்டவே வேண்டாம்.

கத்தியிலிருந்து மருந்து வரை

1881 ஜனவரியில் வியன்னா நகரத்தில் பில்ராத் என்ற சர்ஜன், 43 வயதுப் பெண்மணி ஒருத்தியின் இரைப்பையில் புற்று வந்த பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு இணைத்துத் தைத்தார். அவள் நாலு மாதம்தான் பிழைத்தாள். ஆனாலும் "இது முடியும்" என்று உலகம் தெரிந்து கொண்டது.

இன்றும் ஆபரேஷனே முக்கிய சிகிச்சை. ஆனால் கத்திக்கு இப்போது துணை சேர்ந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையில், நோயாளிகள் பிழைத்திருக்கும் காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாகக் கூடியதை 2019-ல் ஜெர்மன் டாக்டர்கள் காட்டினார்கள். உடம்பின் சொந்தக் காவல் படையைத் தட்டி எழுப்பும் மருந்து ஒன்றையும் அத்துடன் சேர்த்த பரிசோதனை 2025-ல் வெளியாயிற்று. இரண்டு வருஷ முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் நூற்றுக்கு 67 பேர். அந்த மருந்து இல்லாதவர்களில் 58 சொச்சம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து சீக்கிரம் கண்டுபிடிப்பதே. நெசவாளி அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பிணைத்து விடுகிறீர்கள். பார்க்காமல் ஓட்டினால் குறை கெஜக் கணக்கில் ஓடிவிடும். இரைப்பையும் அடுக்கடுக்கான சுவர் கொண்டது. நோய் உள் அடுக்கோடு நிற்கும்போது கண்டுகொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்பது ஜப்பானியர் அனுபவம். சிலருக்கு வயிற்றைக் கிழிக்காமலே, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்து விடுகிறார்கள். தென்கொரியாவில் நாற்பது வயதானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சர்க்காரே சோதனை செய்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

நம் ஊரில் அப்படி எல்லோரையும் அழைத்துச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே நாமேதான் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாகியும் அடங்காத எரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிய உணர்ச்சி, காரணமில்லாத மெலிவு, சோகை, வாந்தி, விழுங்கச் சிரமம், கறுத்த மலம்: இவற்றில் ஏதாவது கண்டால், முக்கியமாக நாற்பது வயதைத் தாண்டியவர்கள், டாக்டரிடம் போய்விட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் வந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எண்டாஸ்கோப்பி என்ற சோதனைக்குப் பயப்படாதீர்கள். தொண்டையை மரக்கச் செய்து மெல்லிய குழாயை விட்டு இரைப்பையை நேரே பார்க்கிறார்கள்; சில நிமிஷ வேலை. கிருமி மட்டும் இருந்தால், டாக்டர் சொல்லும் மருந்துகளைப் பெரும்பாலும் பதினாலு நாள் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்தையே பழக்கிக் கொண்டுவிடும்! கடைக்காரரைக் கேட்டு நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது.

"செலவுக்கு எங்கே போவது?" என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. காரைப்பேட்டை மருத்துவமனை சர்க்காருடையது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடக்கம்.

இந்த வாரமே உங்கள் வீட்டில் யார் தட்டில் சோறு மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். வாரக் கணக்கில் சோடா வாங்கிக் கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால், அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?