தோற்கும் அணிக்கு ஆசான் தேடுதல்



அமெரிக்க நாட்டுக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணி ஆண்டுதோறும் தோற்றுக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனைத் தூக்கி நிறுத்தப் புதிய தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். அவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இதுவே. கடல் கடந்த நாட்டின் விளையாட்டு நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஒரு பொறுப்புக்குத் தக்க ஆளைக் கண்டுபிடிப்பது எந்நாட்டிலும் அரிய செயல். திருவள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்திருப்பதே அதன் அருமையைக் காட்டும். அரசர்க்கு அவர் வகுத்த அந்தப் பாடத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுத் திடலில் ஒவ்வோர் ஆண்டும் படித்து வருகின்றன.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். நாம் கால்பந்து என்று வழங்குவது வேறு, அவர்கள் ஆடுவது வேறு. அவர்களுடைய பந்து இரு முனையும் கூர்மையாக இருக்கும். அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். இயலாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னே யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது என்று திட்டம் வகுக்கப்படும். ஆகவே இந்த ஆட்டத்தில் பயிற்சியாளரின் பங்கு மிகப் பெரிது. வேறு பல ஆட்டங்களில் அவர் கரையில் நின்று காண்பவர். இங்கோ படைத்தலைவரைப் போன்றவர்.

இதன் செல்வாக்கும் நாம் எளிதில் கற்பனை செய்யக் கூடியதன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திடலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து காணலாம். பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் முதலிடம் பெறுபவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழகப் பயிற்சியாளரே. அணி தோற்றால் நன்கொடை தருவோர் முகம் சுளிப்பர், பழைய மாணவர்கள் கடிதம் எழுதுவர், பத்திரிகைகள் கூச்சலிடும். விளையாட்டுத் துறையின் இயக்குநரும் பல்கலைக்கழகத் தலைவரும் கூடிப் பயிற்சியாளரை விலக்கிவிட்டுப் புதியவரைத் தேடத் தொடங்குவர்.

அங்கேதான் முதற் கேள்வி எழ வேண்டும். அணி ஏன் தோற்கிறது? இதைக் கேளாமல் ஆள் தேடுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக் கடைக்குப் போவதைப் போன்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். ஒரு வகுப்பில் பலர் கணக்கில் தவறிவிட்டால், ஆசிரியரை மாற்றுங்கள் என்று கேட்டு வந்த பெற்றோரைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். சில வேளைகளில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னம் சரியாகக் கற்பிக்கப்படாதிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் கற்பிக்க யார் வந்தாலும் இடர்ப்படவே செய்வார். மாணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று அறிந்த பின்பே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஓதப்பட்ட முதற் பாடம். அணிக்கும் அதுவே பொருந்தும்.

இதற்கு இரண்டு பல்கலைக்கழகங்களின் வரலாற்றைச் சான்றாகக் கூறுவேன். இரண்டும் தோற்றவை, இரண்டும் எழுந்தவை, ஆனால் அவற்றின் நோய்கள் வேறு வேறு.

முதலாவது, கான்சஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்னும் சிற்றூரிலுள்ள கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். நியூயார்க்கிலுள்ள மன்ஹாட்டன் வேறு. இது கோதுமை வயல்கள் நிறைந்த மாநிலத்தின் ஊர். 1988-ஆம் ஆண்டின் முடிவில் இதன் கால்பந்து அணியைவிடத் தாழ்ந்த அணி அந்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களில் இல்லை எனலாம். தொடர்ந்து 27 ஆட்டங்களில் அதற்கு வெற்றி இல்லை. 26 தோல்வி, ஒன்று சமன். 1987-ஆம் ஆண்டிலும் வெற்றி கிட்டவில்லை, 1988-ஆம் ஆண்டிலும் கிட்டவில்லை. பெருந்தொகுதியில் 500 தோல்விகளை முதலில் எட்டிய அணி என்ற பெயரும் அதற்கு வாய்த்திருந்தது. ஒக்லஹோமா, நெப்ராஸ்கா போன்ற பேரணிகளோடு ஒரே குழுவில் அது ஆட வேண்டியிருந்தது. நல்ல ஆட்டக்காரர் எவரும் அங்கே சேர விரும்பவில்லை. இது பல பத்தாண்டுகளாக ஊறிப்போன நோய். ஒரு பயிற்சியாளரால் வந்ததன்று.

அப்போது பல்கலைக்கழகத்தார் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் எவரையும் நாடிப் போகவில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த பில் ஸ்னைடர் என்பவரை அழைத்தனர். அவருக்கு வயது 49. பெரிய கல்லூரி எதிலும் அவர் தலைமை ஏற்றதில்லை. பின் ஏன் அவரை அழைத்தனர்? அவருடைய அனுபவத்தைச் சற்று ஆராய்ந்தால் விளங்கும். 1979-ஆம் ஆண்டில் ஹேடன் ஃபிரை என்னும் பயிற்சியாளர் அயோவாவுக்கு வந்தபோது அவரோடு வந்தவர் ஸ்னைடர். அயோவாவும் அதற்கு முன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தாழ்ந்து கிடந்த அணி. அது 1981-ஆம் ஆண்டில் தலைநிமிர்ந்ததை ஸ்னைடர் உள்ளிருந்தே கண்டார், அதற்காக உழைத்தார். நீண்ட நாள் நோயாளி எவ்வாறு எழுந்து நடப்பான் என்பதை அருகிலிருந்து பார்த்த மருத்துவர் அவர். புகழைக் காட்டிலும் இந்த அனுபவமே கான்சஸ் ஸ்டேட்டுக்குத் தேவையாக இருந்தது.

அவர் செய்தவற்றுள் சிலவற்றைக் கூறுகிறேன். ஆட்டக்காரர்களுக்குப் பதினாறு குறிக்கோள்களை வகுத்துக் கொடுத்தார். நாள்தோறும் சிறிது முன்னேற வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இரண்டாண்டுக் கல்லூரிகளில் படித்து வந்த, பிறர் கருதாமல் விட்ட இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். குழுவுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களில் தொடக்கத்தில் வலிமை மிக்க எதிரிகளைத் தவிர்த்தார். இதற்காக அவரைக் குறை கூறினாரும் உண்டு. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனிடம் காவியத்தை நீட்டுவது ஆசிரியர்க்கு அழகன்று. வெல்லக்கூடிய ஆட்டங்களை வென்றால்தான் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை பிறக்கும்.

இனி அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், வடக்கு டெக்சாஸ் அணியை 20-க்கு 17 என்ற கணக்கில், ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் வென்றனர். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் கிட்டிய முதல் வெற்றி அது. அந்த ஆண்டில் அவர்கள் கண்ட ஒரே வெற்றியும் அதுதான். மற்றப் பத்து ஆட்டங்களும் தோல்வி. 1990-இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1991-இல் ஏழு வெற்றி, நான்கு தோல்வி. 1992-இல் மீண்டும் சரிவு. ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. வெறும் எண்களைப் பார்ப்பவர் நான்காண்டுகள் கழிந்தும் பயன் என்ன என்று கேட்டிருப்பார். ஆனால் பல்கலைக்கழகத்தார் பொறுத்திருந்தனர். 1993-இல் ஒன்பது வெற்றிகள் வந்தன. 1998-இல் பருவத்தின் வழக்கமான பதினோர் ஆட்டங்களையும் வென்றனர். இடையில் ஓய்வுபெற்று, 2009-இல் மீண்டும் அழைக்கப்பட்டு, 2018 வரை பணியாற்றிய ஸ்னைடர் மொத்தம் 215 வெற்றிகள் கண்டார். அவருக்குத் துணைவராக இருந்த பாப் ஸ்டூப்ஸ் பின்னர் ஒக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராகி 2000-ஆம் ஆண்டில் நாட்டின் முதலிடத்தைப் பெற்றுத் தந்தார். நல்ல ஆசானிடமிருந்து ஆசான்கள் தோன்றுவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இரண்டாவது, இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம். இது கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய புகழ்பெற்ற நிலையம். கால்பந்தில் பழம்பெருமை உடையது. 1963-ஆம் ஆண்டில் இரண்டு ஆட்டங்களில் மட்டும் வென்று ஏழில் தோற்றது. 1918-ஆம் ஆண்டிலிருந்து தன் பழைய மாணவர்களையே பயிற்சியாளராக்கி வந்த அந்நிலையம், இம்முறை வழக்கத்தை விட்டு ஆரா பர்சீகியன் என்பவரை அழைத்தது. அவர் அங்கே படித்தவரல்லர்; கத்தோலிக்கரும் அல்லர். ஆனால் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியைக் கொண்டு நோட்டர் டேமைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்று காட்டியவர். தன்னைத் தோற்கடித்தவனுக்குத் தன் குறைகள் தெரிந்திருக்கும் அன்றோ?

அவர் வந்து பார்த்தபோது அணியில் ஆற்றல் இருந்தது. அது இடம் மாறிக் கிடந்தது. ஜான் ஹூவார்ட் என்ற இளைஞர் முந்தைய ஆண்டில் பெரும்பாலும் ஆடாமல் அமர்ந்திருந்தவர். பர்சீகியன் அவரையே ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் நிறுத்தினார். அந்த 1964-ஆம் ஆண்டிலேயே நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் பரிசு அவரைத் தேடி வந்தது. அணி ஒன்பது ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. கடைசி இருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவனிடம் என்ன இருக்கிறது என்று கண்டறிவதே ஆசிரியத் தொழிலின் உயிர்நிலை. பர்சீகியன் செய்தது அதுவே.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கள். ஓரிடத்தில் ஒரே ஆண்டில் மாற்றம்; மற்றோரிடத்தில் ஐந்தாண்டுகள். முன்னதில் ஆட்டக்காரர்கள் இருந்தனர், பார்க்கும் கண் இல்லை. பின்னதில் அடித்தளமே இல்லை. பர்சீகியனுக்குக் கொடுத்த கால அளவை ஸ்னைடருக்கு வைத்திருந்தால் அவரும் விலக்கப்பட்டிருப்பார். ஆகையால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போதே, எத்தனை ஆண்டுகள் பொறுப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தேர்வில் நேரும் பிழைகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதலாவது, சொன்னதை ஆராயாமல் நம்புதல். அதே நோட்டர் டேம் 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருவரை அமர்த்தியது. அவர் தம் படிப்பைப் பற்றியும் பழைய ஆட்டத்தைப் பற்றியும் தந்திருந்த குறிப்புகள் உண்மையல்ல என்று தெரியவரவே, ஐந்தே நாளில் பதவி விலகினார். இரண்டாவது, ஆரம்ப வெற்றியில் மயங்குதல். 2005-ஆம் ஆண்டில் புதிதாக வந்த பயிற்சியாளர் சில ஆட்டங்களில் திறமை காட்டியதும், பருவம் முடியுமுன்னரே அவருடைய ஒப்பந்தத்தை நோட்டர் டேம் 2015 வரை நீட்டித்தது. 2009-இல் அவரை விலக்க நேர்ந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது, பணத்தால் எல்லாம் ஆகும் என்று எண்ணுதல். 2023-ஆம் ஆண்டில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் அதிகம். அந்தத் தொகையில் எத்தனை நூலகங்களும் ஆய்வுக்கூடங்களும் எழுந்திருக்கும் என்று என் போன்ற ஆசிரியனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இக்காலத்தில் நிலைமை விரைந்து மாறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு முதல் ஆட்டக்காரர்கள் ஒருமுறை கல்லூரி மாறினாலும் ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம் என்ற விதி வந்தது. அதே ஆண்டில், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. இதனால் அணியை ஓராண்டிலேயே புதுப்பிக்கக் கூடும். 2023-இல் மூன்று ஆட்டங்களில் மட்டும் வென்ற இண்டியானா பல்கலைக்கழகம், கர்ட் சிக்னெட்டி என்பவரை அமர்த்தியது. அவர் தம் பழைய கல்லூரியிலிருந்து ஆட்டக்காரர் பலரை உடன் அழைத்து வந்தார். 2024-இல் அணி பதினோர் ஆட்டங்களில் வென்றது. இத்தகைய வெற்றியைக் கண்ட மற்றவர்கள், நமக்கும் ஓராண்டில் வேண்டும் என்று பொறுமை இழக்கின்றனர். வசதி விரைந்து வந்தது போல் பொறுமையும் வந்திருந்தால் நலமாக இருந்திருக்கும்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில் ஒன்றை மறத்தலாகாது. திடலில் நிற்பவர்கள் பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள மாணவர்கள். பயிற்சியாளர் மாறும் போதெல்லாம், அவரை நம்பி வந்த இளைஞன் ஆதரவின்றி நிற்கிறான். பலமாகத் தாக்கி ஆடும் இந்த ஆட்டத்தில் எலும்பு முறிவும் தலைக்காயமும் நேர்வதுண்டு. அடிபட்டவனை ஆட வற்புறுத்தாமல் உட்கார வைக்கும் மனம் பயிற்சியாளருக்கு வேண்டும். அவர்களுள் மிகச் சிலரே பிற்காலத்தில் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்வர். மற்றவர்க்குக் கைகொடுக்கப் போவது படிப்பே. ஆகவே, இவரிடம் என் மகனை நான்காண்டுகள் ஒப்படைப்பேனா என்ற கேள்வியையும் தேர்வுக் குழுவினர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வெற்றி தோல்விக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. அவரிடம் முன்பு பயின்றவர்களை விசாரித்தால் கிடைக்கும்.

மாணவர்களே, நாளை நீங்களும் பல இடங்களில் ஆள் தேரும் பொறுப்பை ஏற்பீர்கள். சங்கத்துக்குச் செயலாளர், பள்ளிக்கு ஆசிரியர், ஊருக்குத் தலைவர் என்று உங்கள் தீர்ப்பை நாடும் காரியங்கள் வந்துகொண்டே இருக்கும். அப்போது குறை எங்கே என்பதை முதலில் ஆராயுங்கள். அந்தக் குறையைத் தீர்த்த அனுபவம் யாரிடம் உண்டு என்று தேடுங்கள். அவர் கூறுவதைப் பிறரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பொறுப்பைக் கொடுத்த பின்பு வேண்டிய காலத்தையும் கொடுங்கள். ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்று பத்தில் தோற்ற மனிதரை அந்த ஆண்டின் முடிவில் அனுப்பிவிடாமல் இருந்தார்களே, கான்சஸ் ஸ்டேட் பெற்ற வெற்றிகளுக்கெல்லாம் அதுவே வித்து.