தாத்தாவின் கருப்புப் பல்



உங்கள் தாத்தாவோ பாட்டியோ வாய்விட்டுச் சிரிக்கும்போது, கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு பல்லின் நடுவில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறதா? அது அழுக்கு அல்ல. சொத்தைக் குழியில் அடைத்த உலோகம்!

என் வாயிலும் ஒன்று உண்டு. ஓசூரிலிருந்து கோடை விடுமுறைக்கு எங்கள் சிங்காரப்பேட்டைக்கு வந்த பேத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். "தாத்தா, அதுல பாதரசம் இருக்குதாம். விஷமாம். இப்பவே போய்ப் பிடுங்கிட்டு வாங்க!" என்று ஒரே அழுகை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அவள் சொன்னதில் பாதி உண்மை. சரியாகப் பாதி! அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பெரிய வகுப்புக்குப் போனால் 'இரசக்கலவை' என்று வேதியியலில் படிப்பீர்கள்.

பாதரசம் விசித்திரமான உலோகம். நம் ஊர் வெயிலிலும் குளிரிலும் திரவமாகவே ஓடும். பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரி செல்சியஸ் போனால்தான் உறையும். தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். அதில் வெள்ளி, வெள்ளீயத் தூளைப் போட்டுக் குழைத்தால் வெண்ணெய்போல் ஆகும். குழியில் வைத்து அழுத்தினால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். மலிவு, உறுதி. அதனால்தான் 150 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் இதை அடைத்தார்கள்.

எனக்கு அடைத்தது 1986-ல், கிருஷ்ணகிரியில். (அப்போது எங்கள் ஊரெல்லாம் தர்மபுரி மாவட்டம்!) டாக்டர் சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்தார். பிறகு துணியில் வைத்துப் பிழிந்தார். மிஞ்சிய பாதரசம் பளபளவென்று முத்துப்போல் வழிந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. கேட்டு வாங்கி, ஒரு மருந்துப் புட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாடினார்கள். ஒருவன் கை தவறிக் கீழே விட்டான். நூறு மணிகளாகச் சிதறித் தரை வெடிப்புகளுக்குள் ஓடிப் போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான். இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏன் தெரியுமா? பாதரசம் சும்மா இருந்தாலே மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. மூச்சில் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் தங்கிவிடும். மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். பூட்டிய வகுப்பறைக்குள் எங்கள் மணிகள் எத்தனை நாள் ஆவியாகிக்கொண்டிருந்தனவோ!

பல்லில் உள்ளதும் ஆவியாகுமா? ஆகும். சூடாகக் காபி குடித்தால், முறுக்குக் கடித்தால், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் இறுகிய கலவையிலிருந்து வருவது ஒரு நாளைக்குச் சில மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரோகிராம்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டே பல் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடி விட்டுப் பார்த்தார். "ஓரம் உடையலை, அடியில சொத்தையும் இல்லை. நல்லா இருக்கிறதைத் தோண்டினாத்தான் பாப்பா, பாதரசம் ஒரேயடியா வெளியே வரும்" என்றார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 2020-ல் இதையேதான் சொன்னது. உடைந்தோ, விரிசல் விட்டோ போனால் மாற்ற வேண்டும். அப்போதும் தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சு குழாய் வைத்துத்தான் எடுப்பார்கள்.

தோண்டி எடுத்த துண்டுகளையும் சாக்கடையில் விடக்கூடாது. ஆற்றுச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை இன்னும் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் வழியாக நம் தட்டுக்கே வரும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை மெத்தில் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்றவர்கள் நடக்கவும் பேசவும் முடியாமல் போனார்கள். 1956-ல்தான் அந்த நோய் வெளியே தெரிந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொடைக்கானலிலேயே தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததும், 2001-ல் ஆலை நின்றது. 2003-ல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

மினமாட்டாவின் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் உண்டானது. 2018-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2022-ல் அதில் உங்களுக்காக ஒரு விதி சேர்த்தார்கள்: 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பால் பற்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், டாக்டர் தவிர்க்க முடியாது என்று கருதினால் ஒழிய, இந்த அடைப்பு வேண்டாம். ஆகவே சொத்தைக்கு உங்களை அழைத்துப் போனால், "பல் நிறத்தில் இருக்குமே, அதை வைங்க டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம். வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

2034-க்குள் இந்த அடைப்பையே நிறுத்திவிடுவது என்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் முடிவெடுத்தன. "அப்போ நான் காலேஜ் படிப்பேன், உங்க பல்லு மட்டும் மியூசியத்துல இருக்கும் தாத்தா!" என்கிறாள் பேத்தி. அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டாள்.