பக்கத்து வீடு சரியில்ல பாஸ்!

ஹாஸ்டலில் ஃபர்ஸ்ட் இயர் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த பையன், செகண்ட் இயர் ரூம் மாறியதும் ஆளே மாறிப் போவான். வீட்டில் கேட்டால், 'சேர்க்கை சரியில்ல' என்பார்கள். வார்டனைக் கேட்டால், 'அவன் மொதல்லேர்ந்தே அப்படித்தான் சார்' என்பார். இதே பஞ்சாயத்து வானத்திலும் ஐம்பது வருஷமாக நடக்கிறது. அங்கே மாட்டிக்கொண்டு முழிப்பது... கேலக்ஸிகள்!

நாம் குடியிருக்கும் பால்வெளி ஒரு சுருள் கேலக்ஸி. தீபாவளி சங்கு சக்கரம் மாதிரி கைகளை விரித்துச் சுற்றுகிறது. அந்தக் கைகளில் இருக்கும் குளிர்ந்த வாயு மேகங்கள் தன் எடையாலேயே சுருங்கி நட்சத்திரமாகின்றன. பால்வெளியில் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு சூரியன் எடைக்குப் புது வரவு. அவ்வளவுதான். புதுசாகப் பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் நீலமாக ஜொலிக்கும், ஆனால் சீக்கிரமே செத்துப்போகும். ஆக, கேலக்ஸி நீலமாகத் தெரிந்தால் பிரசவ வார்டு பிஸி என்று அர்த்தம். சிவந்துபோனால் கடையை மூடிவிட்டார்கள்.

1976-ல் சிட்னி வான் டென் பெர்க் என்ற விஞ்ஞானி சில சுருள்களுக்கு ஒரு பெயர் வைத்தார்... 'ரத்தசோகை சுருள்கள்'! கை இருக்கு, கால் இருக்கு, ஆனால் வாயுவும் இல்லை, புது நட்சத்திரமும் இல்லை. இந்த சோகைப் பிள்ளைகள் அதிகம் அகப்பட்டது, கேலக்ஸிகள் நெருக்கியடித்து வாழும் கொத்துகளில். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கொத்து, கன்னி ராசிப் பக்கம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள். நம்ம ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டம் எல்லாம் தூசு!

சரி, ரத்தத்தை உறிஞ்சியது யார்? ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற இருவர் 1972-லேயே ஒரு ஆளைக் கைகாட்டியிருந்தார்கள். காற்று!

காற்றே இல்லாத நாளிலும் பைக்கில் வேகமாகப் போனால் முகத்தில் அறைகிறது இல்லையா? கொத்துகளின் இடைவெளி முழுக்க, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மிக மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அதன் வாயு பின்பக்கமாகப் பறந்துவிடும். நட்சத்திரங்கள் மட்டும் அசையாது. துப்பட்டா பறக்கும், ஹெல்மெட் பறக்காது. அதே கதைதான்.

நம்பமாட்டேன் என்பவர்கள் ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸியின் படத்தைத் தேடிப் பாருங்கள். (பேர் வைத்தவர்களுக்கு ரசனையே கிடையாது!) சுமார் 22 கோடி ஒளியாண்டு தூரத்தில், நார்மா கொத்துக்குள் தலைதெறிக்க ஓடுகிறது. பின்னால் சுமார் 2.6 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு எக்ஸ்ரே வால்! நம்ம பால்வெளியின் குறுக்களவே ஒரு லட்சம் ஒளியாண்டு அளவுதான். கூத்து என்னவென்றால், பறிபோன அந்த வாலிலும் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

இப்படிப்பட்டவற்றுக்கு 'ஜெல்லி மீன் கேலக்ஸி' என்று செல்லப் பெயர். ஜேஓ201 என்ற ஜெல்லி மீனை நம்ம ஆஸ்ட்ரோசாட்டும் பார்த்திருக்கிறது. 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய செயற்கைக்கோள். அதிலுள்ள புற ஊதா டெலஸ்கோப், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவானது. இளம் நட்சத்திரங்களைப் பிடிக்கப் புற ஊதாதான் லாயக்கு. ஜெல்லி மீனின் இழைகளில் நட்சத்திரம் பிறக்கும் முடிச்சுகள் பளிச்சென்று பதிவாகி, 2018-ல் கட்டுரையாகவும் வந்தது.

பக்கத்து வீடு எப்போதும் வில்லன் என்றும் சொல்லமுடியாது. காற்று வாயுவை அடித்துப்போகும் முன் கொஞ்சம் அழுத்தும். அப்போது பிறப்பு கூடும். 'ஆன்டெனா' என்று அழைக்கப்படும் இரண்டு சுருள்கள் ஒன்றோடொன்று மோதி, கொத்துக் கொத்தாக நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளுகின்றன.

இன்னொரு சந்தேகக் கேஸ் ரொம்ப அமைதியானது. வீட்டிலிருந்து வரும் மணியார்டர் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? கையிருப்பைக் கரைப்பீர்கள், அப்புறம் மெஸ்ஸில் கடன். கேலக்ஸிக்கும் வெளியிலிருந்து புது வாயு வந்துகொண்டே இருக்கவேண்டும். அது நின்றால் இருப்பதைச் சுட்டுச் சுட்டே தீர்த்துவிடும். இதற்கு ஆதாரம் 2015-ல் 26,000-க்கும் அதிகமான கேலக்ஸிகளைப் பார்த்தபோது கிடைத்தது. பழைய வாயுவிலேயே திரும்பத் திரும்ப நட்சத்திரம் செய்தால் இரும்பு போன்ற கனத் தனிமங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரே அடியில் வாயு பறிபோயிருந்தால் சேராது. அணைந்துபோன கேலக்ஸிகளில் அந்தத் தனிமங்கள் அதிகம் இருந்தன. அதாவது, மெதுவாகக் கழுத்தை நெரித்த கேஸ்! சாக சுமார் 400 கோடி வருஷம் ஆகியிருக்கிறது.

வார்டன் கட்சியும் தோற்கவில்லை. ரொம்பக் கனமான கேலக்ஸிகள் தனியாகக் கிடந்தாலும் தானே அணைந்துவிடுகின்றன. சேர்க்கை அதிகம் கெடுப்பது சின்னப் பையன்களைத்தான்.

இந்தக் கேஸில் சாட்சி சொன்னவர்களில் பலர் விஞ்ஞானிகளே இல்லை. 2007-ல் தொடங்கிய 'கேலக்ஸி ஜூ' இணையதளத்தில், ஸ்டூடன்ட்ஸ், இல்லத்தரசிகள், ரிட்டயர்டு ஆசாமிகள் எல்லாம் உட்கார்ந்து, 'இது சுருள், இது உருண்டை' என்று க்ளிக் செய்து தள்ளினார்கள். அதில் சிக்கியதுதான் சிவப்புச் சுருள்கள். கைகள் அப்படியே இருக்க, நிறம் மட்டும் செத்த நிறம். நிறையப் பேர் கொத்தின் ஓரங்களில் இருந்தார்கள், அதாவது கூட்டத்துக்குள் நுழையும்போதே மூச்சுத் திணற ஆரம்பித்தவர்கள். 2024-ல் யூக்ளிட் டெலஸ்கோப் படங்களும் அங்கே வந்து சேர்ந்தன. பிசிக்ஸ் மேஜர் எல்லாம் கேட்கமாட்டார்கள் பாஸ்... கண்ணும் நெட்டும் இருந்தால் போதும்.