வெளியேறும் காரில் துப்பாக்கிக்கு எவ்வளவு இடம்?

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. புயலோ காட்டுத்தீயோ வந்து ஊரைக் காலி செய்யச் சொன்னால், குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு துப்பாக்கி வேண்டாமா? வேண்டுமென்றால் எது? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழைய கேள்வி. அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்று ஒரு பையைக் கட்டி, அதற்கு 'பக் அவுட் பேக்' என்று பேரும் வைத்து, அதில் எந்தத் துப்பாக்கியைச் செருகுவது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஆற அமரப் பேசவேண்டிய விஷயம் இது.

முதலில், வெளியேற்றம் என்பது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்று ஒரு மலை ஊர். சுமார் 26,000 பேர் வாழ்ந்தார்கள். ஓய்வுபெற்ற முதியவர்கள் அதிகம். 2018 நவம்பர் 8 காலை ஆறரை மணிவாக்கில், பழைய மின்கம்பி ஒன்றின் பழுதால் சில மைல் தள்ளி ஒரு தீ பிடித்தது. எட்டு மணிவாக்கில் அது ஊருக்குள் இருந்தது. கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கக் கிடைத்த நேரமே அவ்வளவுதான். கீழே சமவெளிக்கு இறங்கும் சாலைகள் ஒருசில. அவற்றில் முக்கியமானது ஸ்கைவே. ஊரே ஒரே நேரத்தில் அதில் இறங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் எரிய, நடுவில் கார்கள் நகராமல் நின்றன. இறந்தவர்கள் 85 பேர். பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். பலர் வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள், சிலர் கார்களில். அவர்களைக் கொன்றது தீயும் புகையும், அடைபட்ட சாலையும், தாமதமாக வந்த அல்லது வராமலே போன எச்சரிக்கையும்.

டெக்சஸ் கதை வேறு மாதிரி. 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் ஹூஸ்டனை நோக்கி வருகிறது என்றதும், முந்தைய மாதம் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனா புயலின் படங்கள் கண்ணில் நின்ற சூட்டில் இருபத்தைந்து லட்சத்துக்கும் அதிகமானோர் சாலைக்கு வந்தார்கள். நெடுஞ்சாலைகளில் நூறு மைல் நீளத்துக்குக் கார்கள் ஊர்ந்தன. நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில். பெட்ரோல் தீரும் என்று ஏ.சி.யை அணைத்தார்கள், பிறகு பெட்ரோலும் தீர்ந்தது. டல்லஸ் அருகே முதியோர் இல்லவாசிகளை ஏற்றிவந்த பஸ் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். சக்கர அச்சின் பேரிங்கில் மசகு இல்லாமல் சூடேறியதில் தொடங்கிய தீ; உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் அதை வளர்த்தன. புயலோ கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பிவிட்டது. டெக்சஸில் அப்போது இறந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை எடுத்தது வெளியேற்றமே. 2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் மேயர் நகரைக் காலி செய்யச் சொல்லாததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

அப்படியானால் துப்பாக்கிப் பேச்சு எங்கிருந்து வந்தது? பெருமளவு நியூ ஆர்லியன்ஸிலிருந்து. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையேறி, கரைச்சுவர்கள் உடைந்து, நகரத்தின் எண்பது விழுக்காடு தண்ணீருக்குள் போயிற்று. போலீஸ் சிதறியது. தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, கடைகள் உடைக்கப்பட்டன. சில நாள்கள் கூப்பிட்டால் வர யாருமில்லை என்பது உண்மை. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாள்களைக் கடந்தவர்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததற்காக நன்றி சொன்னால் அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. சூப்பர்டோம் அரங்கத்துக்குள் கொலையும் கற்பழிப்புமாக இருக்கிறது, இருநூறு பிணங்கள் கிடக்கின்றன என்று செய்தி பரவியது. பிணங்களை எடுக்க லாரியோடு வந்தவர்கள் கண்டது ஆறு. அவற்றில் ஒன்றுகூடக் கொலை அல்ல. அதற்குள் அந்த வதந்தி தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் போலீஸார் நிராயுதபாணிகளாக நடந்துபோன குடும்பத்தினர் மீது சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், நால்வர் காயப்பட்டார்கள். கையில் துப்பாக்கியும் மனதில் வதந்தியும் சேர்ந்தால் எதிரே வருபவர் எப்படித் தெரிவார் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி தேவையில்லை. அதே வாரத்தில் பொதுமக்களின் துப்பாக்கிகளைப் போலீஸார் பறிமுதல் செய்தார்கள். அது வழக்காகி, பேரிடர்க் காலத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது என்று 2006இல் மத்தியச் சட்டமே வந்தது. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் கத்ரீனாவால் இறந்தவர்களைப் பற்றிப் பின்னர் ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் எழுபத்தைந்து வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று தெரிந்தது. தண்ணீரில் மூழ்கியது, மருந்தும் டயாலிசிஸும் கிடைக்காதது, வெயில்: பட்டியல் இப்படித்தான் போகிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு இப்போது துப்பாக்கிக்கு வருவோம். பையில் போவது எதுவானாலும் எடை என்ற ஒரே தராசில் நிற்க வேண்டும். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்பது அங்கே அரசு சொல்லும் கணக்கு. நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் சுமார் 45 கிலோ. காரில் ஏற்றலாம், முதுகில் சுமக்க முடியாது. கார் நின்றுபோனால் நடக்க வேண்டியவர்களில் ஒரு குழந்தையும் ஒரு பாட்டியும் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் சொல்வது பன்னிரண்டு கேஜ் பம்ப் ஷாட்கன். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்றவை. விலை குறைவு, எளிதில் பழுதாகாது, வீட்டுக்குள் நின்று காப்பதற்குப் பேர்போனது. ஆனால் அது மூன்று கிலோவுக்கு மேல். பெரிய ரவை அடைத்த தோட்டா நூறு எடுத்தால் அதுவே சுமார் 5 கிலோ. நீளம் ஒரு மீட்டர். ஆள்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த காரில் அதைப் பாதுகாப்பாக வைக்க இடமே கிடையாது. ஏ.ஆர்-15 ரைபிளின் எடையும் ஏறக்குறைய மூன்று கிலோதான். தோட்டா இலேசு, குறி எளிது. ஆனால் நெரிசலான பெட்ரோல் பங்கிலோ முகாம் வாசலிலோ அதை வெளியே எடுத்தவரைப் பார்த்தால் எல்லாரும் பயப்படுவார்கள், போலீஸ் உட்பட. நெரிசலில் நம்மைக் காப்பாற்றுவது பக்கத்துக் காரில் இருப்பவர் தரும் தண்ணீரும் வழியும். அவரைப் பயமுறுத்தும் பொருள் எதுவும் அந்த நேரத்தில் பாரம்தான்.

.22 காலிபர் ரைபிளை விரும்புகிறவர்களும் உண்டு. ஐந்நூறு தோட்டாவே ஒன்றே முக்கால் கிலோவுக்குள் அடங்கும் என்பது அதன் கவர்ச்சி. இதில் ஒன்று சுவாரசியமானது. ஏ.ஆர்-15 வடிவமைப்பின் பின்னால் இருந்த யூஜின் ஸ்டோனர்தான் ஏ.ஆர்-7 என்ற சிறு ரைபிளையும் வடிவமைத்தவர். குழல் உட்பட எல்லாவற்றையும் கழற்றி அதன் பின்கட்டைக்குள்ளேயே அடக்கிவிடலாம். மொத்தம் சுமார் 1.6 கிலோ, தண்ணீரில் மிதக்கும். காட்டில் விழுந்த விமானி முயல் சுட்டுச் சாப்பிட்டுப் பிழைக்கட்டும் என்று அமெரிக்க விமானப்படை தேடிய ரைபிள்களின் வழிவந்தது அது. அழகான வேலைப்பாடு. ஆனால் ஹூஸ்டனிலிருந்து டல்லஸுக்குப் போகும் குடும்பம் முயல் வேட்டையாடப் போவதில்லை. அவர்கள் போய்ச் சேருமிடம் ஒரு மோட்டலோ அத்தை வீடோதான்.

ஆகவே சட்டப்படி வைத்திருக்கவும், ஒழுங்காகப் பயிற்சி எடுக்கவும் முடிந்தவர் ஒன்றை எடுத்தே தீருவேன் என்றால், என் பதில் இது: அவர் ஏற்கெனவே வைத்திருந்து, சுடுதளத்தில் பலமுறை சுட்டுப் பழகிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்று, கூடவே சாவியோ எண்பூட்டோ உள்ள இரும்புப் பெட்டி. தோட்டா நிரப்பினாலும் அது ஒரு கிலோவுக்குள்தான் வரும். ஐம்பது தோட்டா போதும். அதற்கு மேல் தேவைப்படும் சண்டையில் மாட்டிக்கொண்ட குடும்பம் கிளம்பத் தாமதித்த குடும்பம். வெளியேறுவதற்கென்று புதிதாக ஒன்றை வாங்கி அட்டைப்பெட்டியோடு காரில் வைப்பதைவிட, எதுவும் இல்லாமல் கிளம்புவது நல்லது.

இரும்புப் பெட்டியை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீடு போய், வேலை என்னவாகுமோ என்ற கலக்கத்தில், ஒரே மோட்டல் அறையில் மூன்று தலைமுறை தூங்காமல் கிடக்கும் இரவில், பூட்டாத துப்பாக்கியால் வரக்கூடிய ஆபத்து முதலில் அந்த அறைக்குள் இருப்பவர்களுக்குத்தான். குழந்தைகள் வீட்டில் தொடாத பையை அங்கே தொடுவார்கள்.

அடுத்தது சாலைச் சட்டம். 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை நடுவில் உள்ள மாநிலங்கள் வழியாகக் கொண்டுபோக அனுமதிக்கிறது. தோட்டா நீக்கியிருக்க வேண்டும். காருக்குள் எட்டாத இடத்தில், டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறை பூட்டியிருந்தாலும் செல்லாது. அதாவது இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் போகும் துப்பாக்கி, வழியில் ஆபத்து வந்தால் உடனே கைக்கு வராது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கற்பனை தானே குறைந்துவிடும். லூசியானாவிலிருந்து டெக்சஸுக்குப் போவது சிக்கலில்லை. நெவாடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தால், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினே குற்றம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லப் பிற மாநிலம் தந்த லைசென்ஸ் எதுவும் அங்கே செல்லாது. ஃப்ளோரிடா 2015இல், கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்து 48 மணி நேரத்துக்கு லைசென்ஸ் இல்லாதவரும் மறைத்து எடுத்துச்செல்லலாம் என்று தனிச் சட்டமே போட்டது. ஊருக்கு ஒரு விதி. உங்கள் வழியில் வரும் மாநிலங்களின் விதியை அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாம்களில் ஆயுதத்துக்கு அனுமதி இல்லை. வாசலில் அது தெரிந்த பிறகு காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போவார்கள். நிறுத்திவைத்த கார் துப்பாக்கித் திருடருக்குப் பிடித்தமான இடம் என்பது அந்நாட்டுப் போலீஸார் ஓயாமல் சொல்லிவரும் எச்சரிக்கை. முகாம்தான் உங்கள் போக்கிடம் என்றால் துப்பாக்கி உங்களோடு வரக்கூடாது.

நம்மவர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி, எல்-1, எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். நண்பரின் துப்பாக்கியை அவருக்காகக் காரில் வைத்துக்கொள்வதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். கிரீன் கார்டு வந்தவர்கள் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு வாங்கலாம். புயலுக்குப் பயந்து செய்த ஒரு காரியத்தில் பத்து வருட உழைப்பும் விசாவும் போவதை யாரும் காணக்கூடாது.

மற்ற ஆயத்தங்கள் எளிமையானவை, ஆனால் இவைதான் உயிரைக் காக்கின்றன. புயல் பருவம் முழுக்கப் பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கான மருந்து, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், விசாத் தாள்கள், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம். செல்போன் கோபுரம் விழுந்தாலும் படிக்கக் காகித வரைபடம். நாயோ பூனையோ இருந்தால் அதற்குக் கூண்டு. கத்ரீனாவில் செல்லப்பிராணிகளை விட்டுவர மாட்டோம் என்று நின்று இறந்தவர்கள் இருந்தார்கள், அதனால் 2006இல் அவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிடச் சட்டம் வந்தது. பிறகு ஒருநாள் இரவு, முன்னறிவிப்பு இல்லாமல், எல்லாரையும் எழுப்பிக் காரில் ஏற்றிப் பாருங்கள். பாட்டி வாக்கரோடு படியிறங்க எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துவிடும். கார் ஓட்டாத அண்டைவீட்டு முதியவருக்கு ஓர் இருக்கை ஒதுக்க முடியுமா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பாரடைஸில் இறந்தவர்களில் தாங்களாகக் கிளம்ப முடியாதவர்கள் பலர்.

வீட்டில் துப்பாக்கிகள் இருந்து அவற்றை விட்டுச் செல்வதென்றால், எல்லாவற்றிலும் தோட்டாவை நீக்கிவிட்டுப் பூட்டுங்கள். தீயில் தனியாகக் கிடக்கும் தோட்டா வெடித்தாலும் குண்டு பெரும் வேகத்தில் பாயாது, உறைதான் பிளக்கும். குழலுக்குள் ஏற்றிவைத்த தோட்டா அப்படியல்ல, அது சூட்டில் தானே சுட்டுவிடும். தீயணைக்க உள்ளே வருபவர் எதிரே நிற்கக்கூடும். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக் காப்பீட்டுத் தாள்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். உத்தரவு வந்த பிறகு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்.