கயானில் பின்தங்கிய கடிகாரம்

நடுநிலையிலிருந்து விலக்கப்பட்ட பொருள், அதை அந்நிலைக்கே இழுக்கும் மீள்விசையாலும், அங்கு வந்தபின் நிற்கவிடாமல் கடந்துபோகச் செய்யும் நிலைமத்தாலும் இருபுறமும் மாறி மாறி இயங்குவது அலைவு எனப்படும். ஒருமுறை சென்று திரும்ப ஆகும் நேரமே அலைவு காலம். கம்பியிலோ கயிற்றிலோ தொங்கி அலையும் குண்டான ஊசலின் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து அது விலகும் பெரும அளவு, சிறிதாக இருக்கும்வரை இக்காலம் குண்டின் எடையைச் சார்ந்திராமல், ஊசலின் நீளத்தாலும் அவ்விடத்து ஈர்ப்பு முடுக்கத்தாலும் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது. நீளம் நான்கு மடங்கானால் காலம் இரு மடங்காகும். இப்பண்பைக் கொண்டே நெதர்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்தார்.

இதனினும் வியப்பானது அடுத்து நிகழ்ந்தது. பாரிஸில் சரியாக ஓடும்படி அமைக்கப்பட்ட கடிகாரம், நிலநடுக்கோட்டை ஒட்டிய தென் அமெரிக்கக் கயானில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதை, 1672இல் அங்கு சென்ற பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே கண்டார். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அந்த ஊசலை 3 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு சுருக்கியதுமே நேரம் சரியாயிற்று. பழுது கடிகாரத்தில் இல்லை. புவி தன் சுழற்சியால் இடைப்பகுதியில் புடைத்திருப்பதாலும், அச்சுழற்சியே அங்கு எடையைச் சற்றுக் குறைப்பதாலும் கயானில் ஈர்ப்பு முடுக்கம் குறைவு, அதனால் அலைவு காலம் கூடுகிறது என்பதை, 1687இல் வெளியான பிரின்சிபியாவில் நியூட்டன் விளக்கினார்; அதன்பின் ஊசல், இடத்துக்கு இடம் மாறும் ஈர்ப்பை அளக்கும் கருவியாகவும் நெடுங்காலம் பயன்பட்டது.