ஸ்வாப்: உங்க லேப்டாப்புக்கு ஒரு பரண்

4 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப், அதுல உபுண்டு. பிரவுசர்ல பதினைஞ்சு டேப், பக்கத்துல லிப்ரே ஆபீஸ்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட். திடீர்னு மவுஸ் நகராது. கொஞ்ச நேரத்துல ஒரு விண்டோ தானா மறைஞ்சிடும். சேவ் பண்ணாத பக்கங்களும் அதோட போயிடும்.

இது வைரஸ் இல்ல, கர்னல் எடுத்த முடிவு. மெமரி சுத்தமா தீர்ந்துட்டா, லினக்ஸ் கர்னல்ல இருக்கிற 'ஓஓஎம் கில்லர்' வேலைக்கு வரும். பெரும்பாலும், அதிக மெமரி பிடிச்சிருக்கிற ப்ரோகிராமை நிறுத்திடும். அதுக்குள்ள இருந்தது உங்க ஒரு மாச உழைப்பான்னு அதுக்குத் தெரியாது.

இங்கதான் ஸ்வாப் உதவுது. ரேம் நீங்க வேலை செய்யற மேசைன்னா, ஸ்வாப் வீட்டுப் பரண். இப்போதைக்குத் தேவைப்படாத சாமானை மேல ஏத்திட்டா மேசையில இடம் கிடைக்கும். கர்னலும் அப்படித்தான், ரொம்ப நேரமா தொடாத மெமரிப் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பிடும். தேவைப்பட்டா திரும்ப இறக்கும். ஆனா பரண்ல ஏறி இறங்க நேரம் ஆகும். எஸ்எஸ்டியா இருந்தாலும் ரேமை விட ரொம்ப மெதுவுதான்.

"அப்போ ஸ்வாப்பே இல்லாம இருந்தா வேகமா இருக்குமே?" இப்படி நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா ஸ்வாப் இல்லைன்னா, நீங்க டைப் பண்ணின டேட்டாவை ரேம்லயிருந்து நகர்த்த வேற இடம் கிடையாது. அதனால நெருக்கடி வந்தா, டிஸ்க்ல ஏற்கெனவே பிரதி இருக்கிற ப்ரோகிராம் கோடைத்தான் கர்னல் வெளிய தள்ளும். அடுத்த நொடியே அது தேவைப்படும், மறுபடி படிக்கும். மெஷின் உறைஞ்சு போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படி அமைக்கிறது? முதல்ல டெர்மினல்ல 'ஃப்ரீ' கமாண்ட் போட்டு, ஸ்வாப் வரி பூஜ்யமா இருக்கான்னு பாருங்க. உபுண்டு 17.04-லிருந்து தனிப் பார்ட்டிஷனுக்குப் பதிலா ஸ்வாப் ஃபைல்தான் வழக்கம், அதனால ஏற்கெனவே ஒண்ணு இருக்கலாம். ஃபெடோரா 33-லிருந்து 'இசட்ரேம்' வருது. அது ரேமுக்குள்ளேயே டேட்டாவைச் சுருக்கி வைக்கும்.

ஸ்வாப் இல்லைன்னா, ரூட் உரிமையோட நாலு கமாண்ட். 'ஃபாலொகேட்' போட்டு 4 ஜிபி ஃபைல் உருவாக்குங்க. 'சிஹெச்மாட் 600' போட்டு அதைப் பூட்டுங்க. இதை விடக் கூடாது, ஏன்னா ரேம்ல இருந்த பாஸ்வேர்டு கூட அந்த ஃபைலுக்குள்ள போகலாம். அப்புறம் 'எம்கேஸ்வாப்', கடைசியா 'ஸ்வாப்ஆன்'. ரீஸ்டார்ட் வேண்டாம், உடனே வேலை செய்யும். (இது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு. பிடிஆர்எஃப்எஸ்னா முறை கொஞ்சம் மாறும்.)

அடுத்த தடவை ஆன் பண்ணும்போதும் இருக்கணும்னா, இடிசி ஃபோல்டர்ல இருக்கிற 'எஃப்எஸ்டேப்' ஃபைல்ல ஒரு வரி சேர்க்கணும். தொடுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க. அதுல மத்த வரிகள் கெட்டா, சிஸ்டம் ஒழுங்கா பூட் ஆகாது.

எவ்வளவு வைக்கிறது? 4 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி போதும். ஹைபர்னேட் பண்றவங்க ரேம் அளவுக்குக் குறையாம வைங்க, ஏன்னா அப்போ ரேம்ல இருக்கிறது ஸ்வாப்புக்குத்தான் போகுது. 'ஸ்வாப்பினஸ்' 60-ன்னு இருக்கும், அப்படியே விடலாம்.

கடைசியா ஒண்ணு. 'விஎம்ஸ்டேட் 1' போட்டு எஸ்ஐ, எஸ்ஓ ரெண்டு காலத்தையும் பாருங்க. எப்பவாவது எண் வந்தா பரவாயில்ல. நிக்காம ஓடிட்டே இருந்தா, பரணைப் பெருசாக்கிப் பிரயோஜனம் இல்ல. டேப்களை மூடுங்க, இல்லைன்னா ரேம் வாங்கக் காசு சேருங்க.